பட்டை மூடிய தேக்கு

வீரகத்தியின் கையிலிருந்த, இரும்பு தேடும் மெசின் மூன்றாவது தேக்குக் குற்றியிலும் கத்தியது. நல்ல நாடகம் என்று பிரியந்தினி நினைத்தாள்.

“இதையும் அரியேலாது, பிள்ளை. உள்ளுக்க ஷெல் துண்டு கிடக்கு. வாள் உடைஞ்சிடும்.”

சண்டை நடந்த முள்ளியவளை மரம் என்றதுமே, மரம் அரியும் மற்ற மரக்காலைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நெளுக்குளத்தில் இவர்தான் மிச்சம். திங்கட்கிழமைக்குள் மாதிரிச் சுவருக்குப் பலகை கிடைக்காவிட்டால், கிளிநொச்சிக்காக அவள் வரைந்த மர அலுவலகத்தைக் கைவிட்டு கொங்கிறீட்டிலேயே கட்டிவிடுவார்கள். உள்ளூர் மரம், ஏசி தேவைப்படாத இரண்டு மாடி. இரண்டு வருட உழைப்பை இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மனிதர் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்றைக் காட்டி மறுக்கிறார்.

“பட்டையைப் பாருங்கோ. ஒரு கீறல்கூட இல்லை.”

“சின்னக் கண்டா இருக்கேக்க பட்டது. மேல மூடி வளந்திட்டுது. இப்ப மரத்துக்கே ஞாபகம் இராது.”

“மலேசியாப் பலகை விக்கிறவை உங்களுக்கும் ஏதாவது தருவினமாக்கும்.”

அவர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “தந்தால் நல்லம்தான்” என்றார்.

அந்த நிதானம்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. படித்தவர்கள் சொல்வது எதுவும் இந்தத் தலைகளுக்குள் இறங்காது. இரண்டு வயதில் அம்மா தன்னை இந்த ஊரிலிருந்து கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிராவிட்டால், தானும் இப்படித்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பேன் என்று நினைத்தாள்.

“குடுங்கோ இஞ்ச. இது எதுக்கும் கத்தும். காட்டுறன்.”

மெசினைப் பறித்தாள். பையையும் ஃபோனையும் தள்ளி வைத்துவிட்டுத் தன் உடம்பின் மேலேயே அதை ஓட்டினாள். வயிற்றில் சத்தமில்லை. கழுத்தில் இல்லை. இடது தோளுக்கு வந்ததும் வீரிட்டது.

“பாத்தீங்களோ! என்னிட்ட ஒரு ஊசிகூட இல்லை. பழுதான சாமானை வைச்சுக்கொண்டு ஆரை ஏய்க்கிறீங்கள்?”

சிரித்தபடி மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் அதே சத்தம். வலது தோளில் வைத்தாள். அமைதி. மெதுவாக இடது பக்கம் கொண்டுவந்தாள்.

சிரிப்பு நின்றது.

வீரகத்தி அவள் முகத்தைப் பார்க்காமல் மெசினை வாங்கி அணைத்தார்.

“கொம்மா ஒண்டும் சொல்லேல்லையோ, பிள்ளை?”