தட்டையான கோடு

கல்லூரியிலிருந்து வந்ததும் ஜெசிந்தா, வீட்டு மேசையிலிருந்த வரைபடக் கால்குலேட்டரில், மாணவி போனில் சரிபார்க்கக் கேட்ட தொகையீட்டைப் போட்டுப் பார்த்தாள். சிறு குன்றுபோல் எழவேண்டிய சைன் வளைவு, அச்சின்மேல் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. விடை இரண்டு வரவேண்டும், 0.086 என்றது. எல்லைகளைச் சரிபார்த்தாள், அடைப்புக்குறிகளை எண்ணினாள், பேட்டரியைச் சந்தேகப்பட்டாள்.

அவள் அந்த எண்ணை முணுமுணுத்தது கேட்டு, போனில் காத்திருந்த நஸ்ரின் தயங்கிச் சொன்னாள்: "மேடம், டிகிரில இருக்கான்னு பாருங்களேன். எனக்கும் முதல்ல அப்படித்தான் ஆச்சு."

டிகிரியில்தான் இருந்தது. கோண அலகை ஜெசிந்தா எப்போதும் ரேடியனில் வைப்பவள். நிலம் அளக்கும் அவள் கணவன் பெனடிக்ட்தான் கோணங்களுக்காக டிகிரிக்கு மாற்றிவிட்டு, திருப்பி வைக்காமல் போவான். அதற்கே எத்தனை சண்டை. கடைசிச் சண்டையில் பையைத் தூக்கிக்கொண்டு போனவன், நாற்பது நாளாகப் போன்கூடப் பண்ணவில்லை. அந்த நாற்பது நாளும், இன்று காலைகூட, இதில் விடைகளெல்லாம் சரியாகவே வந்தன. வீட்டின் இன்னொரு சாவி அவனிடம் இருந்தது.

"மேடம், மாத்திட்டீங்களா?"

"இருக்கட்டும்மா," என்றாள் ஜெசிந்தா. "உன் விடை சரிதான்."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஊறிக்கொண்டிருந்த அரிசியோடு இன்னொரு டம்ளர் அளந்து போட்டாள்.