ஊசிப்பாறை சிகரமே இல்லை

பன்னிரண்டு சிகரங்களிலும் ஏறி முடிப்பவருக்குத்தான் தலைவர் பதவி என்பது அந்த மலையில் வழக்கம். வரையாடு கொம்பையா பதினொன்றில் ஏறிவிட்டார். மிச்சம் ஊசிப்பாறை. மூன்று முறை ஏறப் போய் மூன்று முறையும் சறுக்கி விழுந்தவருக்கு, நாலாவது முறை காலுக்குப் பதில் மூளை வேலை செய்தது.

"ஊசிப்பாறை தனிச் சிகரமே இல்லப்பா. பக்கத்து மலையோட தோள் அது. நடுவுல நூறு பாய்ச்சல் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தாத்தான் தனிக் கணக்கு" என்றார். நீளக் கொம்புக்காரர் சொன்னதால் கூட்டம் தலையாட்டியது. எல்லாவற்றையும் அளந்து வர உடும்பை அனுப்பினார்கள்.

உடும்பு சாயங்காலம் திரும்பியது. "ஊசிப்பாறைக்கு எண்பதுதாங்க."

"நான் சொல்லலையா?"

"நீங்க ஏறின பதினொன்னுல ஒன்பது சிகரம், அறுபது பாய்ச்சல்கூடத் தேறலீங்க."

கொம்பையா கொஞ்ச நேரம் அசைபோட்டார். "பழைய சிகரங்களுக்குப் புதுச் சட்டம் செல்லாது. ஊசிப்பாறைக்கு மட்டுந்தான்" என்று தீர்த்துவைத்தார்.

மறுநாள் காலை பதவியேற்பு. "பட்டியல்ல இருக்கிற அத்தனை சிகரத்துலயும் ஏறினவன் நான்" என்று கொம்பையா நெஞ்சை நிமிர்த்தியபோது, கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ஊசிப்பாறையைப் பார்த்தது. உச்சியில் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அங்க எப்படி ஏறினே?" என்று கத்தினார் கொம்பையா.

"நேத்து அளக்க ஏறினேனுங்க, இடம் பிடிச்சுப்போச்சு. நீங்க பேசுங்க தலைவரே, இதுதான் சிகரமே இல்லையே."