தொழுவத்துக் கார்

"வீட்டுல ஏசி இருக்கா?"

நாற்காலியில் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேட்டுவிட்டார் வந்தவர். பெத்தணனுக்கு முகம் சுருங்கிப் போனது. "இல்லங்க. ஃபேனுதான்" என்றார்.

"அப்ப நல்லதாப் போச்சு."

ஏசி இல்லாத வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மாப்பிள்ளையின் அப்பாவை ஏழாயிரம்பண்ணை ஊர் இதுவரை கண்டதில்லை. எளிமையான மனுசன் போலிருக்கிறது என்று பெத்தணன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தரகர் முனியசாமி சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா, அம்மா, பையன் என்று மூன்று பேர். கார் வந்த சத்தமே கேட்கவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. எட்டிப் பார்த்தால், மாடுகளை விற்றபின் காலியாகக் கிடந்த தொழுவத்தில் வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது.

மகள் கற்பகவல்லியைப் பார்க்க வருவது இது நாலாவது கூட்டம். முந்தின மூன்றும் நமுத்த பட்டாசு. தின்றார்கள், ஏற இறங்கப் பார்த்தார்கள், போனவர்கள் போனவர்கள்தான். "இனிமே எவன் முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு நிக்க மாட்டேன்ப்பா. பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் வேலையும் போதும். நம்ம தொழுவத்துலயே ஒரு தொழில் பண்றேன்" என்று ஒரு வருசமாகச் சொல்கிறாள்.

அவளே தொழுவத்துக்கு வெள்ளையடித்தாள். சுவரில் என்னவோ பெட்டியும் மாட்டினாள். என்ன ஏதென்று பெத்தணன் கேட்கவில்லை. கேட்டால் விளக்கிவிடுவாளோ என்ற பயம். "இந்த ஒரு தடவை மட்டும் நில்லு தாயி" என்று கெஞ்சி வைத்திருந்தார்.

மனைவி மாரித்தாய் பஜ்ஜியும் கேசரியும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பத்தின் எளிமை முழுசாக வெளியே வந்தது.

பெரியவர், நாற்காலியில் கிடந்த பெத்தணனின் சலவைத் துண்டை எடுத்து பஜ்ஜி எண்ணெயைத் துடைத்தார். அந்தம்மா காலை நீட்டி, ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்தார். பையன் தீக்குச்சியால் காது குடைந்தான். குடைந்த குச்சியை மிச்சக் கேசரியில் கொடிக்கம்பம் மாதிரி ஊன்றினான்.

பெத்தணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரித்தாயைப் பார்க்கப் போன அன்று அவரும் மூன்று தட்டுக் கேசரி தின்றவர்தான். ஆனாலும் கொடியேற்றவில்லை.

"இங்கன கரண்டு அடிக்கடி போகுமோ?" பெரியவர் இரண்டு ஏப்பத்துக்கு நடுவே கேட்டார்.

"எப்பவாச்சும் போகுங்க."

"போனா சட்டுனு வந்துருமா?"

பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண்ணின் பெயர்கூடக் கேட்கவில்லை. வாழ வரப்போகிறவளைவிட மின்சாரத்தின் மேல்தான் அத்தனை அக்கறை.

பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னும் முக்கா மணி நேரமாவது ஆகும்ப்பா" என்றான்.

ஓ, ராகு காலம்! ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு. அது கழிந்துதான் பெண்ணைப் பார்ப்பார்கள் போல. சரி, உருப்படியாக ஒரு குணமாவது இருக்கிறதே என்று பெத்தணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் அவருடைய செல்போன் விடாமல் துடித்தது. சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் போன் பேசுவது மரியாதை இல்லையென்று அமுக்கி அமுக்கி விட்டார்.

அந்தம்மா பாய் கேட்டு வாங்கிப் படுத்து, குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் இரண்டாம் தட்டு பஜ்ஜியை முடித்து, மூன்றாவதில் கை வைத்தார்.

ஆறு மணி. பையன் எழுந்து சோம்பல் முறித்தான். "போதும்ப்பா. கெளம்பலாம்."

கெளம்பலாமா? பெத்தணன் திகைத்து நிற்கையிலேயே பெரியவர் செல்போனை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, பஜ்ஜி கேசரியெல்லாம் சேத்து எம்புட்டு ஆச்சு? கேசரில இனிப்புக் கம்மி. அதுக்கு மட்டும் பாத்துக் கொறைச்சுப் போடுங்க."

பெத்தணன் சரவெடியானார்.

"எந்திரிங்கய்யா! பொண்ணு பாக்க வந்த வீட்டுல தின்னதுக்கு வெல பேசுறீகளா? குறட்டை விட எங்க வீட்டுப் பாய்தான் கெடைச்சுதா? காதக் கொடஞ்ச குச்சியத் திங்கிற தட்டுல ஊண்டுறான் உம்ம மகன்! எம்பிள்ள கலியாணமே கட்டாமக் கெடந்தாலும் ஒங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இனி எவன் முன்னாடியும் அவ நிக்க மாட்டா. தொழுவத்துல அவ என்ன தொழில் பண்ணணும்னாலும் பண்ணட்டும். நான் கூட நிப்பேன்!"

பெரியவருக்குக் கையில் இருந்த பஜ்ஜி கையிலேயே நின்றது. "பொண்ணா? எந்தப் பொண்ணு?"

பெத்தணனின் செல்போன் மறுபடியும் துடித்தது. ஆத்திரத்தோடு எடுத்தார். தரகர் முனியசாமி.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரமா அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்கிறீக! மாப்பிள்ளை வீட்டுல இன்னைக்கு வரலையாம்."

பெத்தணன் அந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்வாசலில் கற்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை இல்லை, பூ இல்லை. பழைய சுடிதாரும், கையில் சுருட்டிய தடித்த கறுப்பு ஒயரும். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பண்ணியாச்சுப்பா. இவுக காருக்கு சார்ஜ் போட வந்த மொத கஸ்டமரு."