பெயர் முடியும்வரை

குத்துச்சண்டை மேடையில் வீரர்களின் பெயரை அறிவிப்பவர் எத்திராஜ். பந்தயம் தொடங்கும் முன்பே அதன் முடிவு அவருடைய காதுக்கருவிக்கு வந்துவிடும். குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. அந்தக் கணிப்பு இதுவரை பொய்த்ததில்லை.

அன்று ராயபுரம் அரங்கில் சிவப்பு மூலையில் நின்றவள் அவருடைய மகள் கஸ்தூரி.

"மூன்றாம் சுற்றில் சிவப்பு விழுவாள். எழமாட்டாள். மௌன அஞ்சலிக்குக் குரலைத் தயாராக வையுங்கள்" என்றது கருவி.

ஓடிப்போய் அவள் கையுறையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம்மா. காதுல சொல்லிடுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "போன தபாவும் இதத்தான் சொன்ன நைனா. அதுக்கு முந்தியும் சொன்ன. நான் ஜெயிச்சுட்டுத்தான வந்தேன்?"

உண்மைதான். பெற்ற மனம் பாருங்கள், அவள் அடிபடுவாளே என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் பொய் சொல்லித் தடுக்கப் பார்த்திருந்தார்.

"இது நெசம்டி. உங்கம்மா மேல சத்தியமா."

"அம்மா மேல போன தபாவே பண்ணிட்ட. போ, மைக்கப் புடி. பேரை நல்லா இழுத்துச் சொல்லு, இன்னா?"

நடுவரிடம் கெஞ்சினார். "அவளே நிக்கிறா. நீ யாருய்யா நிறுத்த?" என்றார் அவர்.

அறிவிப்பவர் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் மணி அடிப்பார்கள். எத்திராஜ் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"காசிமேடு கஸ்தூரீ..."

இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது. கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. கஸ்தூரி பெருமையோடு அப்பாவைப் பார்த்துக் கையுறைகளைத் தட்டினாள்.

மனிதனுக்கு மூச்சு எவ்வளவுதான் இருக்கும்? அது தீர்ந்ததும் மணி அடித்தது.