மூன்றாவது மரம்

மரங்கொத்தி ஒன்று, யாரையும் கெஞ்சாமல், ஏழு நிலா நாட்டின் கதையை இரண்டு மரங்களில் தானே கொத்தி முடித்தது. மூன்றாம் பாகத்துக்கு ஒரு வேப்பமரத்தையும் பார்த்து வைத்தது.

கொத்தினால் போதுமா, படிக்க ஆள் வேண்டாமா? தினமும் காடு முழுக்கப் பறந்து "வாருங்கள், படியுங்கள்" என்று கூவியது. கிளியின் பாட்டை முழுதாகக் கேட்காமலே "அருமை" என்றது. கிளியும் மரத்தடிக்கு வராமலே "அருமை" என்றது. கிடைத்த பாராட்டையெல்லாம் மரங்கொத்தி வேப்பமரத்தில் பதித்து வைத்தது.

ஐந்து மழைக்காலம் கழித்து ஓர் அணில் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, ரெண்டு மரத்தையும் படிச்சு முடிச்சிட்டேன். கதையில வர்ற நெருப்புமீன் பொழைச்சுதா இல்லையா?"

முதல் வாசகி. மரங்கொத்தி நன்றி சொல்லத்தான் அலகைத் திறந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நாலு பேர்கிட்ட சொல்லும்மா."

"சொல்றேன்ணே. மூணாவது பாகம் எங்க?"

மரங்கொத்தி பதில் சொல்லுமுன் அணில் வேப்பமரத்தில் நுனிவரை ஏறி இறங்கிவிட்டது.

"அருமை, அருமைன்னுதான் இருக்கு. கதையைக் காணோமே அண்ணே?"

அணில் போன பிறகு, மிச்சமிருந்த விரற்கடைப் பட்டையில் மரங்கொத்தி அலகை வைத்தது. நெருப்புமீனுக்கு என்ன ஆயிற்று என்று அதற்கே நினைவில்லை. பழகிய அலகு தானாகக் கொத்தியது: "வாருங்கள், படியுங்கள்."