பாலிக் புலாவில் குளிர்காலம்

குளிர்காலத்தில் மண்ணைத் தொடக்கூடாது என்று என் கணவர் தனேஷ் ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஏணியின் மேலே, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, கோழிக்கூட்டின் தகரக் கூரையில் கையை ஊன்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அந்த உச்சி வெயிலில் தகரத்தின் மேல் தோசை வார்க்கலாம்.

“வெயில் எறங்கட்டுமே மோகனா. என்னா அவசரம்லா?” என்றார்.

கூரை ஒழுகுகிறது, இப்போதே அடித்தாக வேண்டும் என்றேன். வாயில் ஆணி இருந்ததால் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் பாலிக் புலாவில், இந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டுக்கு டிசம்பரில் மின்னஞ்சலில் வந்தது. பாயான் லெப்பாஸில் அவர் வேலை பார்க்கும் பேக்டரி அமெரிக்கக்காரர்களுடையது. அங்கே பனி விழுந்தால் இங்கே இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். இயற்கையே ஓய்வெடுக்கும் பருவம் இது, நீங்களும் குடும்பத்தோடு ஓய்வெடுங்கள் என்று தலைமையகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். பனி மூடிய பண்ணை வீடு ஒன்றின் படமும் இருந்தது. அந்த ஓய்வை அவரவர் ஆண்டு விடுப்பிலிருந்துதான் கழிப்பார்கள் என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில். பேக்டரியில் ஆளுக்கொரு கம்பளிச் சட்டையும் கொடுத்தார்கள்.

அதைத்தான் இப்போது போட்டிருந்தார். கழுத்தோரம் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கும் துண்டு நிலம், ஆடு, கோழி, வாழை என்று இருக்கிறதே, படத்தில் உள்ளவர்கள் மாதிரியே ஓய்வெடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எந்தெந்த நாட்டு விவசாயிகளின் காணொளிகளையோ பார்த்தார். குளிர்காலத்தில் அவர்கள் கத்தியைத் தீட்டி வைப்பார்களாம், விதைகளைப் பொறுக்கி வைப்பார்களாம், அடுப்போரம் உட்கார்ந்து யோசிப்பார்களாம். இவர் யோசிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

புல்லுக்கு அந்த மின்னஞ்சல் வரவில்லை. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. ஆடுகளுக்கும் வரவில்லை, வேளை தவறாமல் கத்துகின்றன. எதிர்வீட்டு நவமணி அக்காவுக்கு வந்தது. அவரும் அதே பேக்டரிதான். அக்கா வீட்டைக் கழுவி, திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டு, முறுக்கு சுட்டு ஓய்வெடுத்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் அந்த நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

முறைத்துப் பார்த்தேன். குடிக்க மைலோ கலக்கிக் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அசையவில்லை.

“நெலம் ரெஸ்ட் எடுக்குது, நாமளும்...” என்று அவர் மறுபடி ஆரம்பித்தபோது, ஏணி மேலிருந்து எனக்குச் சாலை வளைவு தெரிந்தது.

நீல நிற பேக்டரி பஸ்.

சுத்தியலை ஓங்கி அடிக்க ஆரம்பித்தேன். தெருவே அதிரும்படி அடித்தேன். ஆடுகள் மிரண்டு மூலையில் ஒதுங்கின. பஸ் எதிர்வீட்டு வாசலில் நின்று, ஹாரன் அடித்து, சீருடையில் காத்திருந்த நவமணி அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. ஹாரன் என் காதிலேயே விழவில்லை, அவர் காதில் எப்படி விழும்.

மற்றவர்களின் குளிர்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. தைப்பூசமும் வந்து போய்விட்டது. இவரை மட்டும் அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

கோழிக்கூட்டுக் கூரையை நான் போன மாதமே சரிசெய்துவிட்டேன். மதிய ஷிஃப்ட் பஸ் வரும் நேரம் பார்த்துத்தான் தினமும் ஏறுகிறேன்.

பஸ்ஸின் புகை அடங்கியதும் சுத்தியலை நிறுத்தினேன்.

ஏணி லேசாக ஆடி நின்றது. குனிந்து பார்த்தேன். நாற்காலியில் யாரும் இல்லை. கம்பளிச் சட்டை மட்டும் அதன் முதுகில் கிடந்தது. தனேஷ் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எறங்கு மோகனா,” என்றார். “அந்தக் கூரையிலதான் ஓட்டையே இல்லையே.”