கரையானுக்கு ஊற்றிய ஆயில்

மோட்டார் சைக்கிளின் அடித் திருகைக் கழற்றி, பழைய ஆயிலை முழுக்க இரும்புச் சட்டியில் இறக்கிவிட்டு, என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்று பேர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கொல்லையில் மெக்கானிக் வேலை. அதில் ஒரு பெருமை வேறு.

யுத்தம் வந்ததிலிருந்து சேலத்திலேயே புது ஆயில் கிடைப்பதில்லை. பழையதையே தெளியவைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி ஊற்றி ஓட்டினார்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போனார்.

சித்தேரி மலைக்காரன் காளியன். இருட்டோடு இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டி வரை ஓடியே வந்திருக்கிறான்.

“சாமி, எம் பொண்டாட்டி செல்லிக்கு வாந்திபேதிங்க. கண்ணு சொருகிப்போச்சுங்க.”

வண்டியில் போனால் மலையடிவாரம் அரை மணி நேரம். நடந்தால் உச்சி வெயில் ஆகிவிடும். காலரா அவ்வளவு நேரம் காத்திருக்காது.

போன வாரம்தான் அவருடைய கம்பவுண்டர் முனிராஜை அதே காலரா கொண்டுபோனது. அவன் பெண்டாட்டிக்கு என் வயசு. இருபத்திரண்டு.

அவர் மருந்துப் பையும் வடிகட்டும் துணியுமாகக் கொல்லைக்கு ஓடி வந்தார். பின்னாலேயே காளியனும். சட்டி காலியாக இருந்தது.

“ஆயில் எங்க?”

“மாட்டுக் கொட்டாய்க் காலுக்கு ஊத்திட்டனுங்க. கரையான் அரிக்குது. எப்பவும் ஊத்தறதுதானே?”

யுத்தத்துக்கு முன்பு எப்போதும் அப்படித்தான். பழைய ஆயில் என்றால் அது கரையானுக்கு. கொட்டாய்க் கம்பங்களின் அடியில் மண் அதைக் குடித்து முடித்திருந்தது.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம், பாவி மனுஷன். துணியைக் கொடியில் போட்டார். பையைத் தோளில் மாட்டினார்.

“நட, காளியா.”

நடந்தே போவார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் முன்னால் போய்விட்டார். காளியன் நின்று என்னைப் பார்த்தான்.

“வெசனப்படாதீங்கம்மா. நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம செஞ்சதுதானுங்களே.”

சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினான்.

அவன் வாசலில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகுதான் சட்டியைத் தூக்கினேன்.